சமவெளியின் வண்ணங் கண்ட ஆசிரியர்

கலை பெருநகரங்களிலேதான் வளரும் என்பது பலர் எண்ணம். பாரிஸிலோ நியூயோர்க்கிலோ வாழாதவன் ஓவியனாகப் பெயரெடுத்தல் அரிது என்பர். அமெரிக்காவின் நடுவே, சமவெளியிலுள்ள சிற்றூரொன்றில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே பாடஞ் சொல்லி, அங்கேயே படந் தீட்டி, அங்கேயே மறைந்த ஒருவருடைய வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அவரே பேர்கர் சான்ட்சேன் என்னும் ஓவியர்.

சுவீடன் நாட்டின் தென்மேற்கிலுள்ள பிளிட்ஸ்பேர்க் என்ற கிராமத்தில், 1871ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் லூதரன் திருச்சபையின் போதகர். ஸ்காரா நகரப் பள்ளியிற் கல்வி கற்ற சான்ட்சேன், பின்னர் ஸ்ரொக்ஹோம் சென்று, புகழ்பெற்ற அன்டர்ஸ் ஸோர்னிடம் ஓவியம் பயின்றார். 1894இல் பாரிஸ் சேர்ந்து, அமான் ஜான் என்பாருடைய கலைக்கூடத்திற் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். இளைஞர் ஒருவருக்கு இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுவதில்லை.

இவ்வேளையில், சுவென்சன் என்ற கல்விமான் எழுதிய நூலொன்று அவர் கைக்கு எட்டியது. சுவீடனிலிருந்து குடிபெயர்ந்த மக்கள் 1869இல் கன்சாஸ் மாநிலத்தில் லின்ட்ஸ்போர்க் என்னும் ஊரை அமைத்திருந்தனர். அங்கே 1881இல் பெத்தானி கல்லூரியை நிறுவியவர் இந்தச் சுவென்சனே. சான்ட்சேன் அவருக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டார், வேலையுங் கிடைத்தது. 1894இன் பிற்பகுதியில், இருபத்துமூன்று வயதில், அவர் லின்ட்ஸ்போர்க் வந்து சேர்ந்தார். இரண்டொரு ஆண்டுகள் தங்கிப் பார்ப்பதே நோக்கம். தங்கியதோ வாழ்நாள் முழுவதும்.

கல்லூரியில் ஓவியம் மட்டுமன்றி மொழிகளையும் அவர் கற்பித்தார்; ஆண்டுதோறும் நடைபெறும் இசைவிழாவிற் பாடகராகவும் நின்றார். பகற்பொழுதெல்லாம் மாணவருக்கே உரியதாயிற்று. விடுமுறைகளும் ஓய்வு வேளைகளுமே தூரிகைக்கு எஞ்சின.

அவர் எதிர்கொண்ட பெருஞ் சிக்கல் வேறொன்று. கற்றுவந்த கலை, கண்முன் கிடந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை. சுவீடனின் வானொளி மென்மையானது. ஈரக்காற்றும் மூடுபனியும் உருவங்களின் விளிம்புகளை மழுக்கும். கன்சாஸிலோ வறண்ட காற்று. கண்ணைக் கூசவைக்கும் வெயில். நெடுந்தொலைவிலுள்ள பாறையும் கூர்மையாகத் தெரியும். மங்கிய வண்ணங்களைக் கலந்து தீட்டிய அவருடைய ஆரம்பப் படங்கள் இந்நிலத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே அவர் கற்றதிற் பாதியை மறக்கவேண்டியவரானார். இதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன.

வண்ணங்களைத் தட்டிற் குழைத்து மங்கச் செய்யாது, தூய வடிவிலேயே பக்கம் பக்கமாகத் தடிப்பாக இட்டார். செம்மஞ்சட் பாறையின் நிழல் ஊதாவாயிற்று. ஆற்றுநீரில் நீலமும் இளஞ்சிவப்பும் அருகருகே மின்னின. ஸ்மோக்கி ஹில் ஆற்றங்கரை மரங்களும், கொலராடோ மலைகளும், நியூ மெக்சிக்கோவின் வறள்நிலமும் இவ்வாறு அவர் திரையில் உயிர்பெற்றன. வான்கோவுடன் அவரை ஒப்பிட்டோர் உண்டு. ஆயினும் இந்த வண்ணங்களை அவருக்குத் தந்தது அந்த மண்ணின் வெயிலே.

எண்ணெய்ச்சாய ஓவியத்தை வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை என்பதை அவர் அறிவார். 1916 முதல் கல்லச்சுப் படங்களையும், பின்னர் மரக்கட்டை அச்சுப் படங்களையும் ஆக்கினார். ஆணியாற் கட்டையிற் புள்ளிகளைக் குத்தி அச்சிடும் முறையொன்றையுங் கையாண்டார். முந்நூறுக்கு மேற்பட்ட இவ்வச்சுப் படங்கள் குறைந்த விலையிற் பள்ளிகளுக்கும் எளியோர் வீடுகளுக்கும் சென்றன. கலையை ஊரூராகக் கொண்டுசெல்லும் நோக்குடன் 1930இல் அச்சோவியர் சங்கமொன்று தோன்றியதும் அவருடைய கலைக்கூடத்திலேயே.

1922இல் நியூயோர்க்கில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1940இல் சுவீடன் அரசு அவருக்கு வீரர் பட்டம் வழங்கியது. ஆயினும் அவர் ஊரை விட்டு அகலவில்லை. இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு: அமெரிக்க ஓவிய வரலாறுகள் பலவற்றில் அவருக்குக் கிடைத்த இடம் சிறிது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்து 1946இல் ஓய்வுபெற்ற அவர், 1954ஆம் ஆண்டு யூன் மாதத்தில் லின்ட்ஸ்போர்க்கிலேயே காலமானார். 1957இல் அவர் பெயரால் அக்கல்லூரி வளவில் ஓவியக்கூடமொன்று திறக்கப்பட்டது.

நகரத்தை நாடியிருந்தால் அவர் பெரும் புகழ் பெற்றிருக்கலாம். ஆனால் அந்தச் சமவெளியின் வண்ணங்களைக் காண அங்கேயே நெடுங்காலம் இருக்கவேண்டியிருந்தது. சிற்றூர்ப் பள்ளியொன்றில் நாளெல்லாம் பாடஞ் சொல்லிவிட்டு, இரவில் எழுதுகோலையோ தூரிகையையோ கையிலெடுக்கும் ஆசிரியருக்கு, சான்ட்சேன் வாழ்வு நல்லதொரு துணை.