நடுகல் பெறாத வீரர்: ஆர்தர் வார்ட்டன்

வீரன் ஒருவன் மறைந்தவிடத்து அவன் பெயரையும் செயலையும் கல்லிற் பொறித்து நிறுத்துதல் பழந்தமிழர் வழக்கு. அத்தகைய கல்லொன்று தலைமாட்டில் இன்றி 66 ஆண்டுகள் மண்ணுட் கிடந்த உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் வரலாற்றை இம்மலர் வாயிலாக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆர்தர் வார்ட்டன் 1865ஆம் ஆண்டு ஒக்தோபர் 28ஆம் நாள், அந்நாளிற் பொற்கரை எனவும் இந்நாளிற் கானா எனவும் வழங்கும் மேலை ஆபிரிக்க நாட்டின் அக்ரா நகரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி வார்ட்டன், மேலையிந்தியத் தீவாகிய கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்த போதகர். தாயார் பான்ரி இனத்து அரச மரபினர். தாமும் போதகராதற்குப் பயிலும் நோக்குடன் இங்கிலாந்து சென்ற ஆர்தர், வடபுலத்து டார்லிங்டன் நகரிலுள்ள கிளீவ்லாந்துக் கல்லூரியில் 1884ஆம் ஆண்டளவிற் சேர்ந்தார். ஆனால் நூலகம் ஈர்த்ததினும் விளையாட்டிடமே அவரைப் பெரிதும் ஈர்த்தது. போதகராகும் எண்ணம் நாளடைவிற் கைவிடப்பட்டது.

1886ஆம் ஆண்டு யூலை மாதம், இலண்டன் ஸ்ராம்போட் பிறிட்ஜ் அரங்கில் நடைபெற்ற இங்கிலாந்து மெய்வல்லுநர் போட்டியில், 100 யார் தூரத்தை 10 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். அப்பட்டத்தை வென்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. மறுவருடமும் அப்பட்டம் அவரிடமே நின்றது.

உதைபந்தாட்டத்தில் அவர் பூண்ட பணி கோல் காத்தல். டார்லிங்டன் அணியில் அவர் காட்டிய திறமையைக் கண்ணுற்ற பிரெஸ்டன் நோர்த் எண்ட் கழகத்தார் அவரைத் தம்மிடத்து அழைத்துக்கொண்டனர். அவ்வணி 1887ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கிண்ணப் போட்டியின் அரையிறுதி வரை சென்றது. அக்காலத்திற் கோல் காத்தல் எளிய தொழிலன்று. பந்து கையில் இல்லாதபோதும் காப்பாளரை எதிரணியினர் தோளால் மோதி வீழ்த்துதல் விதிக்கு மாறானதாகக் கொள்ளப்படவில்லை. வார்ட்டனோ கோற்கம்பத்தருகே பதுங்கியிருந்து, தக்க தருணத்திற் பாய்ந்து, முட்டியாற் பந்தைக் குத்தி அகற்றுவார். மக்கள் இதனைக் கண்டு ஆரவாரித்தனர். பத்திரிகை எழுத்தாளர் ஒருவரோ அவர்தம் நிறத்தைச் சுட்டி இழித்தெழுதினார். 1888–89ஆம் பருவத்திற் பிரெஸ்டன் அணி தோல்வியே காணாது சங்கப் போட்டியையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றபோது, வார்ட்டன் அவ்வணியில் இல்லை. ஓட்டத்தில் மனஞ்செலுத்தி அவர் முன்னரே நீங்கியிருந்தார்.

ஊதியம் பெற்று ஆடுதலை இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1885ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. 1889ஆம் ஆண்டு றொதர்ஹாம் ரவுண் கழகத்தில் வார்ட்டன் ஊதிய வீரராகச் சேர்ந்தார். உலகின் முதற் கறுப்பின ஊதிய உதைபந்தாட்ட வீரர் இவரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மறுவருடம் அந்நகரிலேயே மணம் முடித்தார். ஆட்டத்தோடு தவறணையொன்றும் நடத்தினார். 1894இல் ஷெபீல்ட் யுனைற்றெட் கழகத்திற் சேர்ந்தார். அங்கே பேருடல் படைத்த வில்லியம் போல்க் என்னும் காப்பாளர் முன்னிற்க, இவர்க்கு வாய்ப்பு அரிதாயிற்று. எனினும் 1895இற் சண்டர்லாந்து அணிக்கெதிரே ஆடி, முதற்பிரிவிற் கால்வைத்த முதற் கறுப்பினத்தவர் ஆனார். பின்னர்ச் சிறுகழகங்கள் சிலவற்றில் ஆடி, 1902இல் ஸ்ரொக்போட் கவுண்ரி அணியோடு ஆட்டத்தினின்றும் ஓய்ந்தார்.

ஓய்ந்த வீரர்க்கு அக்காலத்தில் ஓய்வூதியம் இல்லை. சிறந்த வீரரும் வாரத்திற்கு 4 பவுணுக்கு மேற் பெறலாகாதென 1901இல் விதி வகுத்த காலம் அது. பல்லாயிரவர் கண்முன் பாய்ந்த அவ்வுடல், யோர்க்சயரின் எட்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்திற் சுமையிழுக்கும் தொழிலுக்கு உரியதாயிற்று. 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தமது 65ஆவது வயதில் வார்ட்டன் காலமானார். வறியோர் புதைகுழியில், பெயர்க்கல் எதுவுமின்றி அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் பில் வசிலி என்னும் வரலாற்றாய்வாளர் பழைய ஏடுகளைத் துருவி அவர் வாழ்வை வெளிக்கொணர்ந்தார். உதைபந்தாட்டத்தில் நிறவெறியை எதிர்த்துப் பணிபுரிந்த ஷெபீல்ட் நகர அமைப்பொன்றின் முயற்சியால், 1997இல் அக்குழிமேற் கல் நாட்டப்பட்டது. 2003இல் இங்கிலாந்து உதைபந்தாட்டப் புகழாளர் வரிசையில் அவர் பெயர் சேர்ந்தது. 2014இற் பேட்டன் நகரருகேயுள்ள தேசிய உதைபந்தாட்ட நிலையத்தில், பந்தைத் தடுக்கப் பாயும் கோலத்தில் அவர்தம் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றால் யாம் உணர்வது யாது? வார்ட்டனின் வறுமைக்கு விளையாட்டைக் குறைகூறுதல் தகாது. அவர் காலாலும் கையாலும் உழைத்துப் பெற்ற புகழ் உண்மையானது. குறை, அவர் ஆடியபோது ஆரவாரித்து, ஓய்ந்தபோது அவர் எங்குளர் எனவும் வினவாத சமூகத்தினுடையது. ஆகவே மாணவர்காள், முழுமனத்தோடு ஆடுங்கள். ஆட்டம் ஓய்ந்த பின் வாழ்தற்குரிய கல்வியையும் கைவிடாதீர்கள். பழைய மாணவர்களாகிய அன்பர்காள், ஒருகாலத்தில் நும் கைதட்டலைப் பெற்றவர் இன்று எந்நிலையில் உள்ளார் என அறிந்து, அவர் வாழும்போதே சென்று காண்மின். கல் நாட்டுதற்கு 66 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டா.