நடுங்கிய நாவும் உறுதி கொண்ட நெஞ்சும்

பள்ளி விட்டதும், யாரேனும் கேலி செய்வார்களோ என்று அஞ்சி, எவரோடும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவிடுவான் ராஜ்கோட்டுச் சிறுவன் ஒருவன். அவனே பின்னாளில் உலகம் போற்றிய காந்தியடிகள்.

1888-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றபோது, அக்கூச்சமும் அவரோடு கப்பலேறிற்று. அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றார். மாற்றுக் கருத்துடைய உறுப்பினர் ஒருவரை நீக்க முயன்றபோது, அது முறையன்று என்று எழுதிக்கொண்டு போனார். ஆயினும் எழுந்து படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். தாயகம் திரும்பி, பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்தார். தலை சுற்றிற்று; ஒரு கேள்வியும் எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொல்லி விலகிக்கொண்டார்.

மாறுதல் எங்கே தொடங்கிற்று? 1893-இல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில். இந்திய வணிகரைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்று பேசினார். அதுவே அவரது முதல் பொதுச் சொற்பொழிவு. பொருளை நன்கு ஆராய்ந்து சென்றதால் நாக்கு ஒத்துழைத்தது. ஆங்கிலம் கற்பிக்கவும் முன்வந்தார். நாவிதர், எழுத்தர், கடைக்காரர் என மூவரே வந்தனர். அவர்கள் இருக்குமிடம் தேடிச் சென்று கற்பித்தார்.

1894-இல் டர்பனில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்துப் பல் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையிலேந்தி நடுங்கியபடி அவர் முன் நின்றார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தியடிகள். பிறகு நீதிபதியிடம் அழைத்துச் சென்று, வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

கூச்சம் அத்துடன் ஒழிந்ததா? இல்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் குரல் எழும்பாமல், அவர் உரையை வாச்சா படிக்க நேர்ந்தது. அடுத்த மாதமே சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். அதில் பாலசுந்தரத்தின் துயரமும் இருந்தது. அவையோர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டனர்.

தன்னைப் பிறர் எப்படி மதிப்பார்கள் என்று எண்ணியபோதெல்லாம் அவர் நா நடுங்கிற்று. பிறர் துயரை எண்ணியபோது உறுதி பிறந்தது. கூச்சமே தமக்குச் சொற்சிக்கனம் கற்பித்ததென்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

நண்பர்களே, மொழி புதிதான ஊரில் வாய் திறக்கத் தயங்குகிறீர்களா? மேடையை நாளை பார்த்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்ததை ஒருவருக்குக் கற்பிக்க இன்றே முடியும். பிரிட்டோரியாவில் அவருக்கும் மூன்று மாணவர்களே கிடைத்தனர்!