ஜோசப் லிஸ்டர்: கார்பாலிக் அமிலமும் கருப்பை அறுவை சிகிச்சையும்

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ கருப்பைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால், ஜோசப் லிஸ்டரின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்வது நன்று. அவர் மகப்பேறு மருத்துவர் அல்லர். ஆயினும் வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றிய பின்னும் ஒரு பெண் உயிருடன் வீடு திரும்ப முடியும் என்ற நிலைக்கு வழி திறந்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

லிஸ்டர் 1827 ஏப்ரல் 5 அன்று இங்கிலாந்தின் அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மது வணிகர். நுண்ணோக்கியின் வில்லைகளைச் செம்மைப்படுத்திய ஆய்வாளரும்கூட. லண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் அறுவை சிகிச்சை கற்று, அவருடைய மகள் ஆக்னஸை 1856-இல் மணந்தார். ஆய்வுகளில் உடனிருந்து குறிப்பெடுத்தவர் ஆக்னஸ்தான். வரலாறு அவரை அதிகம் பேசவில்லை.

1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோ சென்றார். அங்கே அறுவை சிகிச்சை நன்றாகவே முடியும்; சில நாள்களில் புண் சீழ்பிடித்து நோயாளி இறப்பார். கெட்ட காற்றே காரணம் என்று மருத்துவர்கள் நம்பினர். நுண்ணுயிர்களால்தான் பொருள்கள் அழுகுகின்றன என்ற பாஸ்டரின் ஆய்வைப் படித்த லிஸ்டர், கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார். 1865 ஆகஸ்ட் 12 அன்று, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் அதை வைத்துக் கட்டினார். கால் பிழைத்தது.

அவர் தம் நோயாளிகளை எண்ணிப் பதிவு செய்தார். 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் கைகால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறையைக் கையாண்ட 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

இம்முறையைப் பின்பற்றியே 1878 ஜனவரி 30 அன்று பிரெஸ்லாவ் நகரில் வில்ஹெல்ம் ஃபிராய்ண்ட் என்னும் மருத்துவர் வயிற்றைத் திறந்து புற்றுநோயுற்ற கருப்பையை முழுமையாக அகற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இதே சிகிச்சை பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கிருமியைத் தடுத்தால் மட்டும் போதாது. இரத்தப்போக்கையும் அதிர்ச்சியையும் எதிர்கொள்ள அன்று வழியில்லை. இன்று இரத்தம் ஏற்றுதல், பாதுகாப்பான மயக்க மருந்து, நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகிய மூன்றும் உள்ளன. எனவே அக்கால எண்ணிக்கையைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அந்த அமிலம் ஒரு நஞ்சு. தோல், புண், கருப்பையின் உட்சுவர் ஆகியவற்றின் வழியே அது இரத்தத்தில் கலக்கும். பிரசவத்திற்குப் பின் கருப்பையை அதனால் கழுவும் வழக்கம் பரவியபோது, சிறுநீர் கருத்து, மூச்சும் இதயமும் தளர்ந்து சிலர் இறந்தனர். கடைகளில் எளிதில் கிடைத்ததால் அதைக் குடித்து மாண்டோரும் பலர். பிரிட்டனில் 1900-இல்தான் அதன் விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. லிஸ்டரும் தம் முறையை மாற்றிக்கொண்டே வந்தார். கரைசலின் வலிமையைக் குறைத்தார்; அறுவை அறையில் அமிலத்தைத் தூவும் வழக்கத்தை 1890-இல் வெளிப்படையாகக் கைவிட்டார். 1912 பிப்ரவரி 10 அன்று வால்மர் நகரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அன்றி, அவர் விரும்பியவாறே மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

கருப்பை நோயுள்ள பெண்களிடம் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலுக்கு வெட்கப்பட்டு, கிருமிநாசினியை நீரில் கலந்து பிறப்புறுப்பினுள் ஊற்றிக் கழுவுகின்றனர். சிகிச்சைக்கு முன்போ பின்போ இதைச் செய்யாதீர்கள். அது திசுவைப் புண்ணாக்கும், நோயை அகற்றாது. துர்நாற்றம், இரத்தக்கசிவு, காய்ச்சல் இருந்தால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

கழிவறை அமிலத்தையும் பினாயிலையும் குடிநீர் பாட்டில்களில் ஊற்றி வைக்காதீர்கள். யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீர், எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு எதையும் கொடுக்காதீர்கள். உடலில் பட்டிருந்தால் நனைந்த ஆடையைக் களைந்து, ஓடும் நீரில் கழுவுங்கள். 108-ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.