இதயம் போட்ட கோடு

ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் சிலர் கையில் பட்டை போன்ற ஒரு கடிகாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று அது காட்டும். உடலைக் கீறாமல், தோலின் மேலிருந்தே இதயத்தைத் துல்லியமாகக் கவனிக்க வழி செய்தவர் வில்லெம் ஐந்தோவன். அவரைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

ஐந்தோவன் 1860-ம் ஆண்டு மே 21-ம் தேதி ஜாவா தீவில் உள்ள செமாராங் நகரில் பிறந்தார். இன்று அது இந்தோனேசியா; அன்று டச்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. அவரது தந்தை ஒரு டாக்டர். ஐந்தோவனுக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாய் நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகருக்குக் குடிபோனார்.

அங்கே ஐந்தோவன் மருத்துவம் படித்தார். உடற்பயிற்சி, வாள் வீச்சு, படகு ஓட்டுதல் எல்லாவற்றிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். ஒருமுறை விளையாட்டில் மணிக்கட்டு முறிந்தது. அப்போதும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. கை எப்படித் திரும்புகிறது என்று சிந்தித்து, முழங்கை மூட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்! 25 வயதில் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்டாகிறது. லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் 1887-ம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்திருந்தார். அவரது கருவியில், மெல்லிய குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும். பாதரசம் கனமானது அல்லவா? இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோடு தவறாக விழுந்தது. தவறான கோட்டை நம்பி வைத்தியம் செய்தால் நோயாளி என்ன ஆவார்?

ஐந்தோவன் கணக்குப் போட்டு அந்தக் கோட்டைத் திருத்தினார். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிக் கணக்குப் போட முடியுமா? எனவே கருவியையே மாற்றினார். வெள்ளி பூசிய, மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைப் பெரிய காந்தத்தின் நடுவே பொருத்தினார். மின்சாரம் பாய்ந்ததும் இழை அசையும். அதன் நிழலைப் பெரிதாக்கிப் படம் பிடித்தார். இதை 1901-ல் வெளியிட்டார்.

கருவியின் எடை சுமார் 270 கிலோ! இயக்க ஐந்து பேர் வேண்டும். உலர்ந்த தோலில் மின்சாரம் எளிதில் பாயாது. அதனால் சோதனைக்கு வருபவர் கைகளையும் காலையும் உப்பு நீரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனை அவரது ஆய்வுக்கூடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரம். நோயாளியைத் தூக்கி வருவது எப்படி? கம்பி இழுத்தார்! 1905-ல் முதல் பதிவு கம்பி வழியே வந்தது. சோதிக்கப்பட்டவர் ஆரோக்கியமான மனிதர். அவரது கோட்டில் ஒரு முனை மிக உயரமாக இருந்தது. அவர் சைக்கிள் மிதித்து மருத்துவமனைக்குப் போனதே காரணம் என்று கருதினார்கள்.

ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1927-ல் அவர் மறைந்தார். அந்தக் கோட்டின் மேடு பள்ளங்களுக்கு அவர் வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளையே டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இன்றைய கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தைக் கவனிக்கின்றன. பட்டை தளர்ந்தாலோ, கை வேகமாக ஆடினாலோ கணக்கு தவறலாம். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்சாரத்தையே கவனிப்பதால், ஓடும்போது பொதுவாக அது நம்பகமானது.

நீங்களும் சோதித்துப் பாருங்களேன்! ஓடி முடித்ததும் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, 15 விநாடிகள் துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கடிகாரமும் அதையே காட்டுகிறதா? இல்லையென்றால், ஏன் என்று கேளுங்கள். ஐந்தோவனும் அப்படிக் கேட்டவர்தான்!