இரேச்சல் கார்சன் அம்மையார்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீர் ஆகாது. நீரில் கரந்துறையும் நஞ்சை அந்நீரில் வாழும் உயிர்களின் உடலே காட்டும். இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் அமெரிக்க அறிஞர் இரேச்சல் கார்சன் அம்மையார்.

இவர் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் அலெகேனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் எழுத்தாளராக விரும்பிய இவர், கல்லூரியில் உயிரியலின்பால் உள்ளம் பறிகொடுத்தார். 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் இயற்கை எய்தவே, குடும்பச் சுமை இவரைச் சார்ந்தது. மறு ஆண்டில் அரசின் மீன்வளத்துறையில் பணி ஏற்றார். ஓய்வு நேரங்களில் கடலைப் பற்றி நூல்கள் எழுதிப் பெரும்புகழ் எய்தினார்.

அக்காலத்தில் பூச்சிகளைக் கொல்ல டி.டி.டி. முதலிய மருந்துகளை வரம்பின்றித் தெளித்தனர். அவை எளிதில் சிதையாதவை. உயிர்களின் கொழுப்பில் சென்று தங்குபவை. கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில் சிறு பூச்சிகளை ஒழிக்க, டி.டி.டி. இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றை 1949, 1954, 1957ஆம் ஆண்டுகளில் கலந்தனர். 1954இல் கலந்தது ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கே. எனினும் அங்கு வாழ்ந்த முக்குளிப்பான் பறவைகள் மடிந்து வீழ்ந்தன. அவற்றின் கொழுப்பிலோ பத்து இலட்சம் பங்கிற்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது! நீரிலிருந்து நுண்ணுயிர்க்கும், நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் நஞ்சு படிப்படியாகத் திரண்டிருந்தது.

இத்தகைய சான்றுகளைத் திரட்டி, 1962இல் மௌன வசந்தம் எனப் பொருள்படும் நூலை அம்மையார் வெளியிட்டார். மருந்து செய்வோர் வெகுண்டு எதிர்த்தனர். எல்லா மருந்துகளையும் விலக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. அறியாமல் அளவின்றித் தெளிப்பதையே கண்டித்தார். அப்பொழுது புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. அதனைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து, 1963இல் ஆட்சிமன்றக் குழுவின்முன் சென்று சான்றுரைத்தார். 1964 ஏப்பிரல் 14ஆம் நாள் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து, அமெரிக்க அரசு டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது.

பின்னாளில் அறிஞர்கள் சிப்பிகளையே நீரின் காவலராக்கினர். சிப்பி ஓரிடத்திலேயே தங்கி, நீரை உள்ளிழுத்து வடிகட்டி இரை கொள்ளும். அந்நீரிலுள்ள நஞ்சும் அதன் தசையில் சேரும். எனவே, அத்தசையை ஆராய்ந்தால் அவ்விடத்து நீரின் நிலை விளங்கும். 1986இல் அமெரிக்கக் கடற்கரைகளில் தொடங்கிய இவ்வாய்வு, 1992 முதல் அந்நாட்டுப் பேரேரிகளின் நன்னீர்ச் சிப்பிகளையும் தழுவியது.

வாய்பேசா உயிர்களின் துன்பத்தில் மாந்தர்க்குரிய எச்சரிக்கையைக் கண்டவர் கார்சன் அம்மையார். அதனை அஞ்சாது எடுத்துரைத்த அவர்தம் துணிவு போற்றத்தக்கது.