மூன்றாம் உலகம் கண்டவர்

புல் முதல் மனிதன் வரை உள்ள உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு ஈறாகப் பகுத்தவர் தொல்காப்பியர். கண்ணுக்குத் தெரியும் உயிர்களைப் பற்றிய பகுப்பு அது. ஆனால், ஜொகூரில் ஏதேனும் ஒரு குளத்து நீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். அங்கே யூக்ளினா என்ற ஓரணு உயிர் தென்படலாம். பச்சை நிறத்தால் வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கும். சவுக்கு போன்ற இழையால் நீந்தவும் செய்யும். அது தாவரமா, விலங்கா? இத்தகைய உயிர்களுக்கு இடம் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல்.

இவர் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி மருத்துவம் பயின்றாலும், மனம் கடல்வாழ் சிற்றுயிர்களையே நாடியது. பின்னர் யேனா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். 1864-இல், அவருடைய 30-ஆவது பிறந்தநாளன்றே காதல் மனைவி அன்னா காலமானார். துயரில் துவண்டவர் ஆய்வில் மூழ்கினார். பின்னாளில் தாம் கண்ட ஒரு சொறிமீன் இனத்திற்கு அன்னாவின் பெயரையே சூட்டினார்.

1866-இல் அவரது பெருநூல் வெளிவந்தது. லின்னேயஸ் காலம் முதல் உயிர்களைத் தாவரம், விலங்கு என இரண்டு உலகங்களாகப் பிரிப்பதே வழக்கமாக இருந்தது. ஹெக்கல் புரோட்டிஸ்டா என்னும் மூன்றாம் உலகத்தை முன்வைத்தார். அதனுள், உயிரணுவில் உட்கரு இல்லாதவை என்று தாம் கருதியவற்றை மொனேரா எனத் தனியே வைத்தார். இந்த விதை பின்னர் மரமாயிற்று. 1938-இல் கோப்லாண்ட் மொனேராவைத் தனி உலகமாக்கினார். 1969-இல் விட்டேக்கர் பூஞ்சைகளையும் பிரித்து ஐந்துலக வகைப்பாட்டைத் தந்தார். உட்கரு இல்லாத உயிர்களிலும் இரு வேறு பிரிவுகள் உண்டு என்று 1977-இல் கார்ல் வூஸ் காட்டினார்.

ஹெக்கலின் கால்கள் நம் பக்கமும் வந்தன. 1881-இன் இறுதியில் இலங்கைக்குச் சென்றவர், தென்கரையிலுள்ள வெலிகமவில் பல வாரங்கள் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களில் மட்டும் ஆயிரக்கணக்கான புதிய இனங்களை உலகிற்கு அறிமுகம் செய்தார். 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் யேனாவில் மறைந்தார்.

இத்தனை பெருமைக்கும் உரியவரிடம் ஒரு பெருங்குறையும் இருந்தது. மனித இனங்களையும் அவர் உயர்வு தாழ்வு கற்பித்து அடுக்கினார். ஐரோப்பியரை உச்சியில் வைத்தார். பின்னாளில் இனவெறியர்களுக்கு அவருடைய எழுத்து துணைபோயிற்று. உயிரணுவின் அமைப்பைப் பார்த்து வகுத்தவர், மனிதரை வகுக்கும்போது மட்டும் அந்த அளவுகோலைக் கைவிட்டார். எந்த நாட்டவரின், எந்த நிறத்தவரின் உயிரணுவும் அமைப்பில் ஒன்றே அல்லவா? மக்களை ஆறறிவு என்ற படியில் வைத்தார் தொல்காப்பியர். பல இனத்தவர் கூடி வாழும் மலேசிய மண்ணில் உயிரியல் பயிலும் நாம், ஹெக்கலின் கூர்மையான பார்வையைக் கற்போம். அவர் சறுக்கிய இடத்தையும் மறவாதிருப்போம்.