மத்தி மீனும் ஒரு ஐ.சி.எஸ். ஆபீசரும்

தாம்பரம் மார்க்கெட்ல மத்தி வாங்கியிருப்பீங்க. கூட்டுறவு சங்க போர்டும் பார்த்திருப்பீங்க. இந்த ரெண்டுக்காகவும் உழைச்ச ஒரே மனுஷன் சர் ஃபிரெடெரிக் நிக்கல்சன்.

1846ல் பிறந்தவர். ஐ.சி.எஸ். முடிச்சு சென்னை மாகாணத்துக்கு வந்தார். இங்கே விவசாயிகள் வட்டியில் மூழ்குவதைப் பார்த்தார். ஐரோப்பாவின் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து, 1895லும் 1897லும் ரெண்டு தொகுதியா அறிக்கை கொடுத்தார். 1904ல் கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வர அது ஒரு முக்கியக் காரணம்.

அதோட ஓய்வெடுத்திருக்கலாம். ஆனா அறுபதை நெருங்கும் வயசுல, 1905ல், மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் வேலையை ஏற்றார். ஜப்பானுக்கே போய் அங்குள்ள மீன்பிடித் தொழிலைப் பார்த்துட்டு வந்தார். 1907ல் மீன்வளத் துறை உருவானது.

அப்போ மலபார் கடற்கரையும் சென்னை மாகாணம்தான். அங்கே தென்மேற்குப் பருவமழை சமயத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வரும். நுண்பாசிகள் பெருகும். அதைத் தின்ன நெய்மத்தி பெரும் கூட்டமா கரையை நெருங்கும். சில மாசத்துல போயிடும். சில வருஷம் சரியா வரவே வராது.

வந்தாலும் சிக்கல்தான். ஐஸ் கிடையாது. ஒரே நாளில் மலையளவு மீன் வந்தால் விலை விழும். மிச்சம் மணலில் காய்ந்து தென்னைக்கு உரமாகும். மீன் இல்லாத மாசங்களில் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கணும். அப்புறம் அவர் சொல்றதுதான் விலை. வயலில் பார்த்த அதே கடனை நிக்கல்சன் கடற்கரையிலும் பார்த்தார்.

தானூரில் சோதனை நிலையம் அமைத்தார். மீனை அழுகவிட்டு எண்ணெய் எடுப்பதுதான் பழைய வழக்கம். அவர் புது மீனை வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைத் தனியா எடுக்கச் செய்தார். சக்கை உலர்ந்து நல்ல உரமானது. செலவு குறைவான முறை என்பதால் மலபார் கரை முழுக்கப் பரவியது. மீனவர்களுக்குக் கூட்டுறவு சங்கங்களும் வேணும்னு விடாமல் வலியுறுத்தினார்.

1936ல் மறைந்தார். அடுத்த சில வருஷத்தில், 1940களில், மத்தி வரத்து படுமோசமா சரிந்தது. ஏன்னு கண்டுபிடிக்க விஞ்ஞானம் தேவைப்பட்டது. 1947ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது.

இன்னைக்கு மீன் எங்கே கிடைக்கும்னு சாட்டிலைட் தகவலை வச்சே சொல்றாங்க. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருக்கு. ஆனா வலை நிறைஞ்ச அன்னைக்கு விலையை யார் முடிவு செய்யறாங்க, மீன் வராத மாசம் அந்த வீடு எப்படி ஓடுது? நிக்கல்சன் கடைசி வரை கேட்ட கேள்வி இதுதான். கோவளத்துலயும் நீலாங்கரையிலயும் அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. ப்ராஜெக்ட் டாபிக் தேடுறவங்க இதையும் யோசிச்சுப் பாருங்க.